எட்டுச் சிங்கமும் வேம்புலியம்மாளும்

ஆவடி முதல் அம்பத்தூர் வரை ஊர் மொத்தத்தையும் ஒரே பகலில் குளிப்பாட்டி அனுப்பியவள் நான். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். நனைந்தது ஒரு ஷாமியானாவும் அதன் கீழ் இருந்த அறுபது எழுபது பேரும்தான். மோட்டாரைப் போட்டதும் நானில்லை, வேம்புலியம்மாள். ஆனால் யோசனை என்னுடையது.

கோவில்பதாகைப் பக்கம், எங்கள் காலனி நடுவில், வெள்ளைக்காரன் காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. எண்கோணச் செங்கல் கோபுரம், மூன்று அடுக்கு வளைவு ஜன்னல்கள், உச்சியில் இரும்புத் தொட்டி, அதற்கும் மேலே ஒரு கூம்புத் தொப்பி. இட்லிக் குண்டானுக்குப் பட்டாபிஷேகம் செய்துவைத்த மாதிரி இருக்கும். தொட்டியின் விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக, வாயைப் பிளந்த எட்டுச் சிங்க முகங்கள்.

எண்பத்தாறில் கணவர் முனியன் இறந்ததும், அவர் பார்த்த தொட்டி வேலை வேம்புலிக்கு வந்தது, தற்காலிகமாக. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். குழாயடியில் சண்டை முற்றினால் வால்வை மூடிவிட்டு வெற்றிலை மடிப்பாள். “கத்தி முட்ச்சிட்டு சொல்லுங்க, தொறக்கிறேன்.” இரண்டே நிமிடத்தில் சமாதானம்.

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட, கோபுரத்தின் வெளிச்சுவரில் கம்பியில் ஓர் இரும்புத் தகடு தொங்கும். கம்பியின் மறுமுனையில், தொட்டிக்குள், ஒரு மிதவை. தண்ணீர் ஏற ஏற மிதவை மேலே போகும், தகடு கீழே இறங்கும். அதனால் சுவரில் பூஜ்யம் உச்சியிலும் பதினாறு என்ற எண் கீழேயுமாக எழுதியிருந்தது. தகடு தரைப்பக்கம் வந்தால் தொட்டி நிறைந்தது என்று காலனிக் குழந்தைக்கும் தெரியும்.

தொண்ணூற்று நாலில் தொட்டியைப் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்தார்கள். புதுப்பிக்க வந்தவர் எத்திராஜ் என்கிற நிபுணர். சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி மோந்து பார்த்தே வயது சொல்வார். எண்களைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது.

“பாவம், எந்தப் பெயிண்டரோ தலைகீழா எழுதி வெச்சிருக்கான்.”

“சார், அது அப்பிடித்தான் இர்க்கணும்!” என்று வேம்புலி கீழிருந்து கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே பூஜ்யத்தை அடியிலும் பதினாறை உச்சியிலும் எழுதவைத்தார்.

பிறகு ஜீப்பில் வந்த அதிகாரி தகடு பதினாறில் நிற்பதைப் பார்த்தார். காலித் தொட்டி. “டேங்க் நிறைஞ்சிருக்கே, மோட்டார் எதுக்கு ஓடுது?” ஒரு மெமோ. அடுத்த வாரம் தொட்டி நிறைந்து, தகடு பூஜ்யத்தில். “மோட்டார் போடாம தூங்கறியா?” இரண்டாவது மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போச்சு என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

புதுப்பித்ததற்கான கல்வெட்டைத் திறக்கும் நாள். விடிந்ததிலிருந்து மோட்டார் ஓடி, தொட்டி நிறைந்து, தகடு அடியில் நின்றது. அதிகாரிக்கு முகம் சிவந்தது.

“இன்னிக்குமா காலி? போடு மோட்டாரை!”

“ரொம்பிகீது சார்.”

“சுவர்ல நம்பர் என்ன சொல்லுது? எனக்குப் பாடம் எடுக்கறியா?”

அப்போதுதான் நான் அவள் காதில் ஓதினேன். வேம்புலி பணிவாகக் கேட்டாள்: “அப்ப எய்திக் குடுங்க சார்.”

அழைப்பிதழின் முதுகிலேயே எழுதினார்: ‘நான் சொல்லும்வரை மோட்டாரை நிறுத்தக் கூடாது.’ கீழே கையெழுத்து. அவள் அதை மடித்துச் சுருக்குப் பையில் போட்டாள். மோட்டார் உறுமியது.

எத்திராஜ் மைக்கைப் பிடித்தார். “மேலே பாருங்கள். இந்தச் சிங்கங்களுக்கு எந்த உபயோகமும் கிடையாது. முழுக்க முழுக்க அழகுக்காக...”

எட்டுச் சிங்கமும் ஒரே சமயத்தில் துப்பின. ஷாமியானா தொப்பையும் தொந்தியுமாகத் தொங்கி, நடுவில் கிழிந்தது. கல்வெட்டை எத்திராஜ் திறக்கவில்லை. மேலே இருந்த திரையைத் தண்ணீரே இழுத்துக்கொண்டு போயிற்று. சொட்டச் சொட்ட வந்த அதிகாரி, “உன் வேலை போச்சு!” என்றார். வேம்புலி காகிதத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். அந்த வாரமே எண்கள் பழையபடி தலைகீழாயின. அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரம்.

இதை எழுதி முடித்து உரக்கப் படித்தேன். பக்கத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வேம்புலி நிமிர்ந்தாள்.

“எட்டு எங்க துப்புச்சு டீச்சரம்மா? ரெண்டுதான். மத்த ஆறுலயும் பொறா கூடு. எய்தி வாங்குற ரோசனையும் என்னுதுதான். நீங்க மொத வரிசைல குந்திகினு கலர் குடிச்சினு இருந்தீங்க. தலைல தண்ணி கொட்டுனதும் ‘மோட்டார நிறுத்துடீ’ன்னு கத்துனது யாராம்? நிறுத்தக் கூடாதுன்னு பேப்பர் கீது, நான் எப்பிடி நிறுத்துவேன்?”