திருப்பிப் போட்ட பை

அந்தப் பையை அவர் ஒருநாளும் நேர்ப்பக்கமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. அரிசி, பருப்பு, பால்மா எல்லாவற்றையும் எங்கள் மேசையில் எடுத்து வைத்துவிட்டு, நீலத் துணிப்பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, மறுபடி அடுக்கிக்கொண்டுதான் கம்பளை பஸ் ஏறுவார். நேர்ப்பக்கத்தில் ‘போதைப்பொருளாலும் எச்.ஐ.வியாலும் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு’ என்று மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அதன் கீழே எங்கள் நிலையத்தின் பெயர்.

கண்டியில் அந்த நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவரைக் கம்பளை அக்கா என்போம். லொறி ஓட்டிய கணவர் போதைத் தூளை ஊசியில் ஏற்றப் பழகி, நோயை வாங்கி, இவருக்கும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அக்கா மாத்திரையைத் தவறவிடாமல், விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்து, கடைகளுக்குக் கொடுத்து மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மாதம் ஒருமுறை எங்களிடம் வந்து, தம்மைப் போன்ற பெண்களோடு வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார். நான் ஊற்றிக் கொடுக்கும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, இது தேத்தண்ணியா வெறும் சுடுதண்ணியா என்று கேலி செய்வார்.

ஒரு மாதம் காய்ச்சலால் அவர் வரவில்லை. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம் என்றார் நிலையத்தை நடத்தும் பணிப்பாளர். முதலில் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வேனின் இரண்டு பக்கமும் பையில் உள்ள அதே வாசகம். அதை அக்காவின் வாசலிலேயே நிறுத்தி, பையைக் கையில் கொடுத்து, அக்கம்பக்கம் வேடிக்கை பார்க்கப் போட்டோவும் எடுத்தார்கள். மறுநாளே கடைக்காரர்கள் இடியப்பம் வேண்டாம் என்றுவிட்டார்கள். இந்த நோய் இடியப்பத்தில் ஒட்டி வராது என்று அவர்களுக்கு யார் சொல்வது? அவர்கள்மேல் எனக்குக் கோபம்தான். எல்லாம் தெரிந்த எங்கள் ஆட்கள்மேல் அதைவிடக் கோபம்.

காய்ச்சல் விட்டதும் அக்கா வந்தார். சத்தம் போடவில்லை.

“நல்ல மனசோடதான் வந்தீங்க மிஸ். ஆனா அந்த வேன் வராம இருந்திருந்தா, நான் இன்னைக்கும் இடியப்பம் வித்துக்கிட்டு இருப்பேன்.”

பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். இப்படி ஒளித்துக்கொண்டே இருந்தால் சமூகத்தில் விழிப்புணர்வு எப்படி வரும் என்று கேட்டார். வரட்டும். அதைச் சுமந்து வர அக்காவின் இடியப்பத் தட்டுதானா கிடைத்தது?

அக்கா வீட்டைக் காலி செய்து, மகளோடு திகனப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. எங்களிடம் பிறகு வரவே இல்லை. மாத்திரையை எங்கே எடுக்கிறார், எடுக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

போன வாரம் புதுப் பைகள் வந்திறங்கின. அதே நீலம், எழுத்து மட்டும் இன்னும் பெரிது. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு அரிசியை நிரப்பத் தொடங்கினேன். பணிப்பாளர் வந்து பார்த்தார்.

“என்ன மிஸ் இது, போட்டோவில நம்ம பேரே விழாதே?”

“விழக்கூடாதுன்னுதான் சேர்” என்று சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்தேன்.