கண்ணை மூடிச் சீட்டெடுத்தவர்

மார்த்தாண்டத்தில் நான் நடத்திய ஆங்கில வகுப்புக்கு, காதிலும் கழுத்திலும் நகையில்லாத ஒரு நர்ஸ் வந்தார். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும். என் வகுப்பில் இலக்கணம் என்றால் சீட்டாட்டம். ரம்மி போல் சொற்சீட்டுகளைச் சேர்த்து, முதலில் முழு வாக்கியம் அமைப்பவர் ஜெயிப்பார்.

"எங்க சபையில சீட்டு பாவம், சார்."

"இது இலக்கணம், சிஸ்டர். பாஸாவணும்லா?"

அரைமனதாக உட்கார்ந்தவர், ஒவ்வொரு சீட்டுக்கும் முன் கண்ணை மூடி ஜெபித்தார். ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. கூடவே ஆடிய எனக்கோ வினைச்சொல் சீட்டே வரவில்லை.

"நல்ல சீட்டு கேட்டு ஜெபிக்கியளா?"

"அப்பிடிக் கேட்டா பாவமில்லியா சார்? உங்களுக்கு வரப்பிடாதுன்னு மட்டுந்தான் கேட்டேன்."

அவர் லண்டன் போய்விட்டார். போகும்போது அந்த ஜெபத்தைத் திரும்பப் பெற மறந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு இன்றும் நல்ல சீட்டு வருவதில்லை.