மிளகு ஈரமும் மனம் திறக்கும் பயிற்சியும்

யமுனாவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மலைமேல் சில ஊர்கள் சேர்ந்ததற்கு நாடு என்று பெயர்; எடப்புளி நாட்டில் பிறந்தாள், பன்னிரண்டாவது வரை படித்தாள், வாழவந்தி நாட்டில் வாக்கப்பட்டாள், அங்கே மிளகு விவசாயிகள் சங்கத்துக் கிடங்கில் ஈரம் பார்க்கிறாள். ஒரு கைப்பிடி மிளகைக் கருவியில் போட்டால் ஈரம் எத்தனை சதவீதம் என்று எண் வரும். பன்னிரண்டைத் தாண்டினால் மூட்டை திரும்பக் காய்வதற்குக் களத்துக்குப் போக வேண்டும். எட்டு வருஷமாக அவள் பார்த்து அனுப்பிய மிளகைப் பற்றி யாரும் வாயைத் திறந்ததில்லை. இந்த வருஷம் ஒரு லாரி மிளகு பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது. உடனே யமுனா என்று ஒருத்தி இருப்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

செயலாளர் அண்ணாமலை நேராக வந்து, என்னம்மா நடந்தது என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் அதற்குப் பெயர் நிர்வாகமா? கோயம்புத்தூரிலிருந்து பிரேம் என்ற பயிற்சியாளரை வரவழைத்தார். வேலை செய்கிற இடங்களில் புதைந்து கிடக்கும் பிரச்சினைகளைத் தோண்டி எடுப்பது பிரேமின் தொழிலாம். அவர் தரும் அறிக்கையைப் பார்த்துத்தான் யமுனாவை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு என அண்ணாமலை சொல்லிவிட்டார். யமுனாவின் மகள் சேந்தமங்கலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போகும்.

மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வந்த தலைசுற்றல் தெளிந்ததும், பிரேம் கலர் கலராகச் சீட்டுக் கொடுத்தார். மனதில் இருப்பதை எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். பதினோரு பேர் இருக்கிற இடத்தில் யாருக்கு யார் கையெழுத்து தெரியாது? ரொம்ப ஜாக்கிரதையாக மனதைத் திறந்தார்கள். ஃபேன் ஓடவில்லை. கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு மகராசன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதி அடியில் கையெழுத்தும் போட்டிருந்தான். யமுனா ஒன்றும் எழுதாமல் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்தது விளையாட்டு. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள, இன்னொருவர் கையைப் பிடித்துக் கிடங்கைச் சுற்றிக் கூட்டிப்போக வேண்டும். நம்பிக்கை வளருமாம். பிரேம் தேடிப் பிடித்து யமுனாவுக்கு ஜோடியாகத் தேவராஜை நிறுத்தினார். களத்தில் மிளகைக் காயவைத்து மூட்டை கட்டுகிறவர் அவர்தான். அதோடு யமுனாவின் புருஷனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பக்கத்து வழக்கப்படி, புருஷனின் அண்ணனிடம் வீட்டு மருமகள் நேருக்கு நேர் பேச மாட்டாள். அவர் வந்தால் ஒதுங்கி நிற்பாள். பதினாலு வருஷமாக ஒரு வார்த்தை பேசாதவரின் கையைப் பிடிக்கச் சொல்கிறார் மனுஷன்!

யமுனா முடியாதென்று தலையை ஆட்டினாள். ஒத்துழைப்பு இல்லை என்று பிரேம் நோட்டில் குறித்துக்கொண்டார். பிரச்சினையைப் பிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஆனாலும் பிரேமை ஒரேயடியாக மட்டம் தட்டக் கூடாது. டீ குடிக்கும்போது வாய் தவறி ஒரு நல்ல கேள்வி கேட்டுவிட்டார். போன வருஷம் வரைக்கும் ஈரமென்று தேவராஜிடம் யார் சொன்னார்கள்? அத்தாயி என்றார்கள். கிடங்கைக் கூட்டிப் பெருக்கிய அம்மாள். யமுனா அத்தாயியிடம் சொல்வாள், அத்தாயி தேவராஜிடம் சத்தமாகச் சொல்வாள். சும்மா நிற்கிறாள் என்று இந்த வருஷம் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நிறுத்தியது யார் என்றார் பிரேம். எல்லாரும் டீ டம்ளருக்குள் பார்த்தார்கள். அண்ணாமலைக்கு அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது.

அத்தாயி போன பிறகு யமுனா ஈர மூட்டையில் சாக்பீஸால் கோடு போட்டுத் தனியே தள்ளி வைத்தாள். அதுவும் லாரியில் ஏறியது. புருஷனிடம் சொன்னாள், அண்ணன் பேச்சை எடுக்காதே என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பெரியவர் கோட்டைக் கவனித்திருக்க மாட்டார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆபீசில் சொன்னால் அவர் மரியாதை என்ன ஆவது? வேலை போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தாள்.

கூட்டத்தில் ஒருவர் அந்தக் கோட்டைப் பற்றி எடுத்துக்கொடுக்க, கோடு போட்ட மூட்டைகளைப் பார்த்தீர்களா என்று பிரேம் தேவராஜிடம் கேட்டார்.

"பார்த்தனுங்க சார். களத்துல எடமில்லீங்க, எங்க கொண்டுபோயிக் காய வெக்கிறது?" என்றவர் லேசாகச் சிரித்தார். "அந்தப் புள்ள எப்படியும் எங்கிட்டப் பேசாதுன்னு தெரியுமுங்களே."

யமுனாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இத்தனை நாள் அவள் மரியாதை என்று கொடுத்ததை இந்த மனுஷன் வசதி என்று வாங்கி வைத்திருக்கிறார்! டம்ளரைக் கீழே வைத்தாள். காலையில் தேவராஜ் இறக்கிய மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கருவியில் போட்டாள். பிறகு பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பதினாறு காட்டுதுங்க. இது ஏறாது. காய வெச்சுக் கொண்டாங்க."

தேவராஜ் சிரிப்பை நிறுத்தினார். அண்ணாமலையைத் தேடினார், அவர் போனில் இருந்தார், இனி யாரையும் வேலையை விட்டு அனுப்பும் பேச்சை எடுக்கிற முகம் அவருக்கு இல்லை. பிரேம் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். கண்கட்டு விளையாட்டுக்குக் கிடைத்த வெற்றி என்று அறிக்கையில் போட்டதாகப் பிற்பாடு தெரிந்தது.

"இதுக்கு முந்தி கோடு போட்டதும் ஈரந்தானுங்க," என்றாள் யமுனா. "இனிமே கோடு போட மாட்டேன். உங்ககிட்டயே சொல்லுவேன்."

தேவராஜ் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு களத்துக்கு நடந்தார். அவள் ஒதுங்கி நிற்கவில்லை.