பச்சையாக்கச் சொன்ன புகார்

பழைய ஊறுகாய் பாட்டில் நிறைய மைதாப் பசை. எங்கள் மாநகராட்சி அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருந்த ஓர் அம்மா அதைத் தன் ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் எப்போதும் வைத்திருப்பார். விதியை மீறிக் கட்டும் கட்டடங்களில் நோட்டீஸ் ஒட்டுவதற்கு. அலுவலகத்தில் தரும் கோந்து மாம்பலத்து வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். 'எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை' என்று கட்டுகிறவர் கோர்ட்டில் போய் நிற்பார். அதனால் அந்த அம்மா காலையில் வீட்டு அடுப்பிலேயே பசை காய்ச்சி எடுத்து வருவார். அந்தப் பாட்டிலைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் அவருக்கு மேலே இருந்த உதவி செயற்பொறியாளர்.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தியாகராய நகரில் ஒரே ஒரு வார்டுதான் அவர் கையில் இருந்தது. பக்கத்து வார்டுக்காரர் ஓய்வு பெற்றார்; அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. அதற்கடுத்த வார்டுக்காரர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்; அதற்கும் ஆளில்லை. இரண்டையும் 'கூடுதல் பொறுப்பு' என்று அவர் தலையில் கட்டிய உத்தரவைத் தயாரித்தவன் நான். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்த புண்ணியவானை ஒரு தடவை பார்க்க வேண்டும். பொறுப்பு கூடும், சம்பளமும் கூடாது, நாளில் மணியும் கூடாது. மழைநீர் வடிகால், ரோட்டுப் பள்ளம், வாக்காளர் பட்டியல், புயல் வந்தால் ராப்பகல் டியூட்டி, இத்தனைக்கும் நடுவில்தான் மூன்று வார்டிலும் எழும்பும் கட்டடங்களை அவர் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குள் விதிகள் வேறு மாறிக்கொண்டே இருந்தன. போன மாதம் படித்த அரசாணை இந்த மாதம் செல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலே கம்ப்யூட்டர் இருந்தது. பொதுமக்கள் கொடுக்கும் ஒவ்வொரு புகாருக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் திரையில் சிவப்பு, முடித்துவிட்டால் பச்சை. ஆய்வுக் கூட்டத்தில் அந்தத் திரையைச் சுவரில் பெரிதாகப் போடுவார்கள். பள்ளம் ஆழமா, சுவர் நிற்குமா என்று அங்கே யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. ஏன் சிவப்பு என்று மட்டும் கேட்பார்கள். போய்ப் பார்த்துவிட்டுப் புகாரை மூடுவது முறை. மூடிவிட்டுப் போய்ப் பார்ப்பது என்று நாங்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதி, வேறு எங்கோ ஒட்டிய நோட்டீஸின் போட்டோவை ஏற்றிவிட்டால் பச்சை வந்துவிடும். அதை ஏமாற்று வேலை என்று சத்தியமாக நாங்கள் நினைக்கவில்லை. நாளைக்குப் போய்ப் பார்க்கத்தானே போகிறோம் என்று ஒரு சமாதானம். எங்களில் அந்தப் பழக்கத்துக்குக் கடைசியாக வந்தவர் அந்த அம்மாதான்.

ஒரு நாள் அலுவலகத்துக்கு ஓர் இஸ்திரிக்காரர் வந்தார். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் தள்ளுவண்டி, அதை ஒட்டியே ஓர் அறை வீடு. பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அனுமதி வாங்கிய கட்டடம்தான். ஆனால் வரைபடத்தில் இல்லாத ஒரு கீழ்த்தளத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள், மண் சரியாமல் இருக்க முட்டுக்கூடக் கொடுக்காமல். அவர் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் புகார் போட்டிருந்தார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். "எங்க செவுரு ஓரமாவே தோண்டிக்கினு போறான்மா. வெடிப்பு வுட்டுக்கினு கீது. அந்தச் செவுத்தாண்டதான் என் சம்சாரம் சமைக்குது" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ.

"யாராவது சொந்தக்காரங்க வீடு இருக்கா அண்ணா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சிந்தாதிரிப்பேட்டைல தங்கச்சி ஊடு கீது."

"ரெண்டு நாளைக்கு அக்காவ அங்க அனுப்பிடுங்க. நான் வந்து பாத்து வேலைய நிறுத்துறேன். நான் சொல்ற வரைக்கும் அவங்க இங்க வர வேணாம்."

அவர் தலையாட்டினார். சாயங்காலம் துணி கொடுக்க வேண்டிய வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு மனைவியைப் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மூன்று மணிக்கு அந்த அம்மா சந்துக்குக் கிளம்பி, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டுவிட்டார். அப்போதுதான் நான் போனில் கூப்பிட்டேன். மறுநாள் காலை ஆய்வுக் கூட்டம். அவர் பெயரில் பதினொரு புகார் சிவப்பில் நின்றது, இஸ்திரிக்காரருடையதும் சேர்த்து.

"இந்தப் பள்ளம் கேஸ் மட்டும் பாத்துட்டு வந்து உக்காந்துடறேன் சார். ஒரு மணி நேரம்" என்றார்.

"போனா அங்கயே இழுத்துடும்மா. மொதல்ல எல்லாத்தையும் மூடு. நாளைக்குப் போய்ப் பாரு. ஒரு நாள்ல பள்ளம் எங்க ஓடிடப் போகுது?"

"சரிங்க சார்" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்து, ஆறரை மணிக்குள் பதினொன்றையும் மூடினார். நான் போகிற போக்கில் திரையை எட்டிப் பார்த்து, "இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்று கிண்டல் வேறு செய்தேன்.

எங்கள் இருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றாத ஒன்று இருந்தது. புகாரை மூடினால், கொடுத்தவரின் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகும். 'தங்கள் புகார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுத் தீர்வு காணப்பட்டது.' எங்களுக்கு அது வெறும் பச்சை. அந்தச் செய்தியை ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார் என்பதை நாங்கள் எப்போதோ மறந்துவிட்டோம். இஸ்திரிக்காரர் படித்தார். பை கட்டி வைத்திருந்த மனைவியைப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுவர் சரிந்தது. சொன்ன சொல்லுக்காக அந்த அம்மா ஏழரைக்கெல்லாம் அங்கே போயிருக்கிறார். தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது இஸ்திரிக்காரர் மனைவியின் உடலை வெளியே எடுத்துப் போர்வை போர்த்தியிருந்தார்கள். இஸ்திரிக்காரர் தன் போனை அந்த அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார். "நீதானம்மா சரியாப்பூடுச்சுன்னு அனுப்பிச்சே. அத்த நம்பித்தான் அவள நிறுத்தி வெச்சேன்." அந்த அம்மா போனை வாங்கி, அந்தச் செய்தியை முதல் முறையாகப் படித்தார். பிறகு ரோட்டு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள், ஆய்வு செய்யாமலே மூடச் சொல்லி நீங்கள் வாய்மொழியாக உத்தரவிட்டீர்களா என்று. "ஆய்வுக்குப் பிறகே புகாரை முடிக்க வேண்டும் என்பது விதி. அதைத்தான் அறிவுறுத்தியிருக்கிறேன்" என்றேன். கோர்வையாகச் சொன்னேன், முதல் நாளே மனப்பாடம் செய்திருந்தேன். அந்த அம்மா எதிரில்தான் இருந்தார். மறுக்கவில்லை. சாட்சி இல்லாத பேச்சு, சொல்லி என்ன பயன் என்று நினைத்தாரோ, மூடியது தன் விரல்தானே என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிச்சலும் இருந்ததில்லை. அவருக்குத் தற்காலிகப் பணிநீக்கம், பிறகு குற்றச்சாட்டு, ஊதிய உயர்வு வெட்டு. ஒரு கட்டத்தில் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் முழு மரியாதையோடு ஓய்வு பெற்றேன். இப்போது அடையாற்றில் இருக்கிறேன். பென்ஷன் மாதம் தவறாமல் வருகிறது. அந்தச் சந்துப் பக்கம் போக நேர்ந்தால் சுற்றிக்கொண்டு போகிறேன். கட்டடம் எழும்பிவிட்டது, கீழ்த்தளத்தோடுதான். அதற்கும் அபராதம் கட்டி அனுமதி வாங்கிவிட்டதாகக் கேள்வி. இஸ்திரிக்காரர் ஊருக்கு வெளியே எங்கோ குடி போய்விட்டாராம்.

அந்தப் பொய்க்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனால் ஒரு பொய்யைப் பயத்தின் கணக்கில் தள்ளிவிட முடியும். அப்படித் தள்ள முடியாதது வேறு ஒன்று.

அந்த அம்மாவின் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்த அன்றே, அவருடைய மூன்று வார்டுகளுக்கும் ஆள் போட வேண்டியிருந்தது. மயிலாப்பூர் பக்கம் ஏற்கெனவே இரண்டு வார்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு, கூடுதல் பொறுப்பு என்று உத்தரவை நீட்டினேன். நின்றபடியே படித்தார்.

"அஞ்சு வார்டு ஆகுது சார். எப்ப சார் எல்லாத்தையும் போய்ப் பாக்கறது?"

போர்வைக்கு வெளியே தெரிந்த அந்தப் பெண்ணின் கால்களை நான் பார்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"பாத்துக்கலாம்பா. திங்கக்கிழமை மீட்டிங்" என்றேன். "மொதல்ல சிவப்பா இருக்கறத எல்லாம் மூடிடு."

அவர் அந்த அம்மாவின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மூட ஆரம்பித்தார்.