பூட்டிவிட்டு மலைக்குப் போனவர்

பீரோ செய்து கொடுத்த ஆசாரி, சாவியைத் தன் மடியிலேயே முடிந்துகொண்டு போனால் சும்மா விடுவீர்களா? போன வாரம் எனக்கு அதுதான் நடந்தது.

என் மனைவி பள்ளி ஆசிரியை. இரண்டு வருடம் உழைத்து எழுதிய எம்.ஃபில். ஆய்வேட்டைத் தல்லாகுளத்தில் குமரேசனின் டி.டி.பி. சென்டரில் டைப் செய்யக் கொடுத்திருந்தாள். சிடியும் கைக்கு வந்துவிட்டது. நான்கு பிரதி எடுத்து, பைண்ட் செய்து, மறுநாள் மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

சிடியைப் போட்டால்... படிக்க முடிகிறது, பிரிண்ட் மட்டும் வரவில்லை. பாஸ்வேர்டு கேட்கிறது.

கடைக்கு ஓடினேன். குமரேசனின் மனைவிதான் இருந்தார்.

"அவுக மாலை போட்டு மலைக்குப் போயிருக்காகண்ணே. வர அஞ்சு நாளாகும். பாஸ்வேர்டெல்லாம் அவுகளுக்குத்தான் தெரியும்."

"போன்?"

மேஜையைக் காட்டினார். அங்கே சார்ஜில் கிடந்தது.

"எங்க ஃபைல எதுக்கும்மா பூட்டுனாரு?"

"பூட்டலைன்னா வேற கடையில பிரிண்ட் போட்ருவீகல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுதியவள் என் மனைவி. டைப் அடித்ததற்குக் கூலியும் கொடுத்தாயிற்று. பிறகு இவர் யார் பூட்டுப் போட? விசாரித்தால், இது தொழில் பழக்கமாம் — நல்லாயிருக்கே பழக்கம்! வீட்டில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் கப்பலூர் ஃபேக்டரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் நண்பர் ராஜாராமிடம் போனேன்.

"உங்க ஃபைல்தானண்ணே?" என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு, படமோ பட்டனோ இல்லாத கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி டைப் செய்தார்.

"இம்புட்டுத்தாண்ணே. பிரிண்டுக்கு மட்டும்தான் பூட்டு. தொறக்கவே பாஸ்வேர்டு கேட்டிருந்தா நானும் கைய விரிச்சிருப்பேன்."

இந்த ஒரு வரிக்குத்தானா இத்தனை பாடு? ஆய்வேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

நேற்று அரவணைப் பாயசத்தோடு குமரேசன் வந்தார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணே, இன்னும் மூணு பேரு ஃபைலுக்கு என்ன பாஸ்வேர்டு போட்டேன்னு மறந்துபோச்சு. உங்களுக்கு யாரோ தொறந்து குடுத்தாராமே... அவர் நம்பர் குடுங்களேன்."

பாயசத்தை வாங்கிக்கொண்டேன்.

"அந்த மூணு பேர எங்கிட்ட அனுப்புங்க, நானே கூட்டிட்டுப் போறேன். உங்களுக்குன்னா... அவரு மலைக்குப் போயிருக்காரு. வர அஞ்சு நாளாகும்."