தாராபுரத்துப் பூஜ்யம்

கோவை கணபதியில் பங்காரம்மாவின் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் லேத் பட்டறை. வீட்டில் அவர் தெலுங்கில் போடும் சண்டையெல்லாம் அந்தச் சத்தத்திலேயே கரைந்துவிடும். அதனால் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும்போது சாந்தமாக இருப்பார். மைய நூலகத்தில் இருபது வருடம் புத்தகத்துக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவரை 1994இல் கணிப்பொறி வகுப்புக்கு அனுப்பினார்கள். முதலில் போகச் சொன்ன மூன்று ஆண்களுக்கும் அந்த வாரம் பார்த்து ஊரில் கல்யாணம், காதுகுத்து வந்துவிட்டது. திரும்பி வந்தவரை எல்லா நூலகங்களின் கணிப்பொறி வேலைக்கும் ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று போட்டிருந்தது. அந்த அடைப்புக்குறி என்றைக்குப் போகும் என்று தினம் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வார்.

கோவையில் மூன்று, ஈரோட்டில் ஒன்று, தாராபுரத்தில் ஒன்று என்று பல்கலைக்கழகத்துக்கு ஐந்து நூலகங்கள். ஐந்தையும் கணிப்பொறி இணைத்துவிட்டதாகப் பேப்பரில்கூடச் செய்தி வந்தது. உண்மையில் இணைத்தது பஸ்தான். மாதம் பிறந்ததும் புதுப் புத்தகப் பட்டியலோடு ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு பிளாப்பி போகும். யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்ற விவரத்தை அதிலேயே ஏற்றி, அடுத்த மாதம் ஒண்ணாம் தேதி திருப்பி அனுப்ப வேண்டும். பங்காரம்மா அதைத் தன் கணிப்பொறியில் போட்டால் எத்தனை புத்தகம் போயிற்று என்று திரையில் எண் வரும்.

சனிக்கிழமைதோறும் ஐந்து இடத்துக்கும் போன் போடுவார்.

“ஏனுங்க, மெஷின் நல்லா ஓடுதுங்களா?”

“நல்லா ஓடுதுங்க மேடம். நீங்க சௌக்கியமுங்களா?”

இப்படிச் சொல்பவர் தாராபுரம் நூலகர் சென்னியப்பன். ஓய்வுபெற அவருக்கு இன்னும் இரண்டு வருடம். போனில் பேசும்போதே எழுந்து நின்றுகொள்கிற மனிதர்.

1996 ஜூலையிலிருந்து தாராபுரத்துக்கு எண் பூஜ்யம் வந்தது. நவம்பர் வரை ஐந்து மாதமும் பூஜ்யம். மெஷின் நல்லா ஓடுகிறது என்கிறார். பிளாப்பியும் தேதி தவறாமல் வருகிறது. அப்படியென்றால் அங்கே யாரும் புத்தகம் எடுப்பதில்லை என்று பங்காரம்மா முடிவு கட்டினார். டிசம்பரில் தலைமை நூலகர் ரங்கராஜ் அறிக்கை கேட்டபோது ‘தாராபுரத்தில் வாசகர் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

ரங்கராஜுக்கு அறிக்கை ரொம்பப் பிடித்துவிட்டது. “வெள்ளிக்கிழமை கமிட்டியில வச்சு அந்த லைப்ரரியை மூடிடலாமுங்க. புத்தகத்தையெல்லாம் இங்க கொண்டாந்துடலாம். உங்களை நிரந்தரமாக்குற ஆர்டரையும் அன்னைக்கே கேட்டு வாங்கிடறேன்” என்றார்.

எத்தனை லாரி தேவைப்படும் என்று பார்க்க, புதன்கிழமை பங்காரம்மா அளவு டேப்போடு தாராபுரம் பஸ் ஏறினார். சென்னியப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிடுவார். மூடப் போகிற இடத்தில் விருந்து சாப்பிட மனசு வரவில்லை.

நூலக வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே ஒரு நாற்காலி காலியில்லை. மூலையில் கணிப்பொறி பூப்போட்ட துணிக்கு அடியில் இருந்தது. துணியை விலக்கினார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சுவிட்சின்மேல் காய்ந்து, கலையாமல் இருந்தன. அதற்குப் பிறகு ஒரு விரல்கூட அதில் பட்டிருக்கவில்லை.

வரிசையில் நின்ற பிரவீனா என்ற மாணவி அவரைப் பார்த்தாள். “கோயமுத்தூருங்களா மேடம்? புதுப் புத்தகம் கொண்டாந்திருக்கீங்களா?”

பங்காரம்மா டேப்பைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

சென்னியப்பன் ஓடி வந்தார். சுவிட்சைக் காட்டி பங்காரம்மா கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“ஜூலையில இடி உழுந்துச்சுங்க. அன்னையிலிருந்து அதுக்கு உசுரில்லைங்க.”

“அப்புறம் பிளாப்பி எப்படிங்க வந்துச்சு?”

“ஒண்ணாந்தேதி வந்தாகோணும்னு சொல்லியிருந்தீங்களே. வந்தது வந்தபடிக்கே அனுப்பிச்சுபோட்டேனுங்க.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?”

“உங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேசன்னு கேள்விப்பட்டேனுங்க அம்மணி. அந்த நேரத்துல உங்களை இத்தனை தூரம் வாங்கன்னு எந்த வாயால சொல்றது? அப்புறம் நாள் தள்ளிப்போச்சுங்க. இத்தனை நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பீங்களேன்னு சங்கடமாப் போச்சு.”

தெலுங்கு நாக்கு நுனிவரை வந்தது. பங்காரம்மா விழுங்கிக்கொண்டார். சென்னியப்பன் ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெயர், புத்தகம், தேதி எல்லாம் அவர் கையெழுத்தில் வரி வரியாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். ஈரோட்டைவிட அதிகம்.

பங்காரம்மா தான் எதற்கு வந்தார் என்பதை மறைக்காமல் சொன்னார். சென்னியப்பன் நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கினார். வெகுநேரம் அடுக்கினார்.

“அப்படிங்களா” என்றார் கடைசியில். “சாப்பிட்டீங்களா அம்மணி?”

சாப்பாடு அவர் வீட்டில்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது பங்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐந்து மாதத்தில் ஒரு தடவை பஸ் ஏறி வந்திருந்தால் தெரிந்திருக்கும். பூஜ்யத்தை நம்பினார், ஆளை வந்து பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சுலபமான வழி ஒன்று மனசுக்குள் வந்து உட்கார்ந்தது. நூலகர் தகவல் தெரிவிக்கவில்லை என்று கமிட்டியில் சொன்னால் போதும். அது பொய்யும் அல்ல. நூலகம் பிழைக்கும், அடைப்புக்குறியும் போகும். சென்னியப்பனுக்கு ஒரு மெமோ வரும். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர் தலை குனிந்துகொண்டு வேலைக்கு வருவார். பல்லடம் தாண்டும்வரை பங்காரம்மா அந்த வழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசை இல்லாமல் இல்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து நோட்டுகளையும் கமிட்டி மேசைமேல் வைத்தார். அவற்றைப் புரட்டிய பெரியவர் ஒருவர் சிரித்தார். “ஏம்மா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“அது பொய் சொல்லலைங்க. தனக்கு ஒண்ணும் வரலைன்னுதான் சொல்லுச்சு. ஆளே வரலைன்னு எழுதுனது நானுங்க. போய்ப் பார்க்காம எழுதிப்போட்டேன்.”

ரங்கராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலகத்தை மூடும் பேச்சு அன்றோடு நின்றது. பங்காரம்மாவின் ஆர்டரும் நின்றது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அன்று வீட்டில் அவர் வாய்விட்டு அழுதார். லேத் ஓடிக்கொண்டிருந்தது.

பழுது பார்த்த கணிப்பொறி தாராபுரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமைக் கேள்வியை அவர் மாற்றிக்கொண்டார்.

“ஏனுங்க, இந்த வாரம் என்னங்க கெட்டுப்போச்சு?”

மூன்று சனிக்கிழமை சென்னியப்பன் “ஒண்ணும் இல்லைங்க, நல்லா இருக்குதுங்க” என்றார். மூன்று தடவையும் பங்காரம்மா திங்கட்கிழமையே தாராபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மெஷின் நன்றாகத்தான் ஓடியது. நாலாவது சனிக்கிழமை சென்னியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“தப்பா நினைச்சுக்காதீங்க அம்மணி. கீபோர்டு ஒயரை எலி கடிச்சுபோட்டுதுங்க. நீங்க கொஞ்சம் வந்தீங்கன்னாத் தேவலைங்க.”

பங்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ரொம்ப சந்தோசமுங்க” என்றார். “இப்பவே வாரேன்.”