அரசியின் நாற்காலியில் பைன் காய்

"இதுதானா அந்தப் பைன் காய்?" என்று ஒன்பதாவது ஆள் கேட்டபோது மியூரியல் கேட்ச்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றேகால். மாளிகை திறந்து முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"பைன் காய்தாங்க," என்றாள்.

கேட்ட பெண்மணி மேசைமேல் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் குனிந்து பார்த்தாள். "செத்துப்போன பிள்ளைங்களுக்காக அரசி பக்கத்துல வெச்சுக்கிட்டது, இல்லையா? டிவியில ஒரு வரலாற்றுக்காரர் சொன்னாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

மியூரியல் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் அவள் வாயை மூடிக்கொண்டது அந்தக் காய் விஷயத்தில் மட்டும்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவளுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷம் ஊர் ஊராகக் காரில் போய் வீட்டிலேயே நோயாளிகளைப் பார்த்த நர்ஸ். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, படுத்த படுக்கையானவர்களைப் புரட்டிவிடுவது, கடைசியில் குளிப்பாட்டி வாயைக் கட்டி வைப்பது வரை எல்லாம் செய்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஆல்டர்ஹோல்ம் மாளிகையில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். செவ்வாயும் சனியும் மாடியில் உள்ள பெரிய படுக்கையறை அவள் பொறுப்பு. யாரும் திரைச்சீலையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வாள்.

பழைய நாற்காலியில் 'உட்காராதே' என்று எழுதி மாட்டுவது மரியாதையில்லை என்று இந்த மாதிரி மாளிகைகளில் நினைப்பார்கள். அதனால் செதில் செதிலாகக் குத்தும் ஒரு பைன் மரக் காயை எடுத்து இருக்கையில் வைத்துவிடுவார்கள். காயைப் பார்த்ததும் ஆள் விலகிவிடுவான். யாரும் யாரையும் அதட்ட வேண்டியதில்லை. மியூரியல் தன் காய்களைத் தோட்டத்துப் பாதையில் தானே பொறுக்கி வருவாள். பக்கத்து நூலக அறையைப் பார்த்துக்கொள்ளும் கிளைவ் ஃபென்டன் அவற்றைத் திருடுவார். அவர் பூகோள வாத்தியாராக இருந்தவர். குனிந்து பொறுக்கச் சோம்பல். அதனால் ஒவ்வொரு காயின் அடியிலும் வெள்ளைத் திருத்தமையால் தன் பெயரின் முதலெழுத்துகளை மியூரியல் போட்டு வைப்பாள். மருந்துப் பையிலிருந்து கத்தரிக்கோல் வரை பெயர் போட்டு வைத்த கை அது.

கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த காயின் அடியிலும் அந்த எழுத்துகள் இருந்தன. அது மியூரியலுக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். போன பிப்ரவரியில் இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி கேத்தரினைப் பற்றிய தொடரை எடுக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. கேத்தரின் செத்தது பதினைந்து மைல் தள்ளி, கிம்போல்டன் கோட்டையில். அந்தக் கோட்டையைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் இடித்துக் கட்டிவிட்டதால் சாவுக் காட்சிக்கு இந்த அறையைப் பிடித்தார்கள். சாமான்களுக்குக் காவலாக மியூரியலை நிறுத்தினார்கள்.

முதலில் அரசி வந்தாள். கரிக்கட்டை போன்ற தலைமுடி.

"அவங்களுக்குச் செம்பொன் நிற முடிம்மா," என்றாள் மியூரியல், உடை பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம். "படம் இருக்கு."

"தெரியுங்க. ஆனா ஸ்பெயின்காரின்னா கறுப்பு முடின்னுதான் பார்க்கறவங்க நினைப்பாங்க. குழம்பிடுவாங்க."

பிறகு அரசன் நொண்டிக்கொண்டே வந்து கட்டிலருகில் அழுதான். நிஜத்தில் அரசன் வரவே இல்லை என்பது ஒருபுறம். பெற்ற மகளைக்கூட வரவிடவில்லை என்பது இன்னொருபுறம். அந்த நொண்டலை மியூரியலால் பார்க்க முடியவில்லை. காலில் ஆறாத புண் இருப்பவன் எப்படி நடப்பான் என்று அவளுக்குத் தெரியும். மார்ச் என்ற ஊரிலிருந்த பாட்ஸ் கிழவரின் காலுக்குப் பதினோரு வருஷம் கட்டுப் போட்டவள். இவன் செருப்பில் கல் புகுந்தவன் மாதிரி நடந்தான்.

எல்லாவற்றையும்விட அவளைக் குடைந்தது வேறு. கேத்தரினுக்கு மரியா என்றொரு தோழி. அனுமதி இல்லாமல், குதிரையிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லி, குளிரில் சேறும் சகதியுமாகக் கோட்டைக்குள் நுழைந்தவள். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்காமல் கிடந்தவளின் கூடவே இருந்தாள். அரசி செத்தது அவள் கையில். அந்த மரியா தொடரில் இல்லவே இல்லை. "ரெண்டு பேரா இருந்தா கூட்டமாயிடும்," என்றார் இயக்குநர். பதினேழு வருஷமாக மியூரியல் அந்த அறைக்கு வந்தவர்களிடம் கடைசியாகச் சொல்லி அனுப்புவது மரியாவைத்தான். ராத்திரி கண் விழித்தவர்களை யாரும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்திருந்த ஒருத்தியையும் இவர்கள் வெட்டிவிட்டார்கள்.

தேநீர் இடைவேளையில் விளக்குக்காரர் ஒருவர் ஜன்னலோர நாற்காலியில் சாயப் பார்த்தார். மியூரியலின் கை தானாக ஒரு பைன் காயை எடுத்து இருக்கையில் வைத்தது. அப்புறம் அவளையும் தேநீருக்கு அழைத்தார்கள். திரும்பி வருவதற்குள் கதவைச் சாத்திப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மறந்துபோனாள்.

அக்டோபரில் தொடர் வந்தது. ஞாயிறு ஒன்பது மணிக்கு ஊரே பார்க்கும். ஒன்பதுக்குப் படுத்துவிடும் மியூரியல் திங்கட்கிழமை காலையில் துணி தேய்த்துக்கொண்டே பார்ப்பாள். ஒவ்வொரு வாரமும் தொலைக்காட்சிக்கு ஒரு கடிதம் போடுவாள். முடியின் நிறம், அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கே வந்திராத உருளைக்கிழங்கு, தேதி. ஏழு கடிதம் போயிற்று. ஏழுக்கும் ஒரே பதில்: 'தங்கள் கருத்தை மதிக்கிறோம்.'

எட்டாவது வாரம் அரசி செத்தாள். கன்னத்தில் ரோஜா நிறம், உதட்டில் சாயம், பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு கிண்ணம்கூட இல்லை. அரசன் அழுதான். அவன் முழங்கைக்குப் பின்னால் காலி நாற்காலி. அதன்மேல் திரையே நிறையும்படி ஒரு பைன் காய்.

மியூரியல் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பாதி எழுதியிருந்த எட்டாவது கடிதத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள்.

அடுத்த வாரம் டாக்டர் ஆல்பன் ஸ்வெய்ன் என்ற வரலாற்று நிபுணர் தொலைக்காட்சியில் வந்தார். பைன் காய் தொன்றுதொட்டு வளமையின் சின்னம், விதைகளைப் பொத்தி வைத்திருப்பது, பிள்ளைகளை இழந்த அரசியின் காலி மடி அது என்றார். ஜனங்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சிலர் அது ரோமிலுள்ள பாப்பாண்டவருக்கு அரசி காட்டிய விசுவாசம் என்றார்கள். மாளிகையில் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. மாளிகையை நடத்தும் டாம்சின், முப்பத்துநாலு வயதுப் பெண், நாற்காலியிலிருந்த காயை எடுத்துக் கூண்டில் வைத்தாள். கடையில் ரிப்பன் கட்டிய காய்களை அடுக்கினாள்.

"எவ்வளவு நுணுக்கம் பார்த்தியா மியூரியல்," என்றார் கிளைவ், சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே. "நீ சும்மா சும்மா குறை சொல்ற. அந்தக் காயை வெச்சவன் மேதை."

"சாப்பிடு கிளைவ்."

"கதைதானே தாயே. பாடமா நடத்தறாங்க?"

"செத்தவங்களைப் பத்திப் பொய் சொன்னா அவங்க வந்து கேக்கப் போறாங்களா? அதான் சௌகரியம்."

"ஏழு கடுதாசி போட்டியே, எட்டாவது போட்டியா?"

மியூரியல் தேநீர்க் குவளையைக் கழுவப் போய்விட்டாள்.

சொல்வது சுலபமில்லை. படப்பிடிப்பில் எதையும் தொடக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சொன்னால் அறை போய்விடும். ஏழு கடிதம் எழுதியவளே தொடரின் பெரிய தப்புக்குக் காரணம் என்று கிளைவ் சாகும்வரை சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை டாம்சின் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தாள். "மியூரியல், வந்தவங்க சிலர் எழுதிப் போட்டிருக்காங்க. 'மாடியில இருந்த அம்மா எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க'ன்னு. இனிமே இதுல இருக்கறதை மட்டும் சொல்லுங்களேன்."

மியூரியல் கண்ணாடியை மாட்டிப் படித்தாள். "'இந்த அறையில் அரசன் அழுதான்.' அவன் இங்க வரவே இல்லியேம்மா. அரசியும் வரலை."

"தொடர்லங்கறது அவங்களுக்கே புரியும்."

"புரியாது. ஒரு அம்மா கட்டிலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. மரியாவைப் பத்தி ஒரு வரிகூட இல்லியே?"

"தொடர்ல அவங்க இல்லையே மியூரியல்." டாம்சின் பெருமூச்சு விட்டாள். "கூரை ஒழுகுது. இந்தக் கூட்டம் திரும்ப வராது. சனிக்கிழமை டாக்டர் ஸ்வெய்ன் இங்க பேச வர்றாரு. அதுவரைக்கும் யோசிங்க. தாள்படி சொல்ல முடியலைன்னா கீழே சலவை அறைக்கு ஆள் வேணும்."

சலவை அறையில் ஒரு செம்புக் கொப்பரையும் துணி பிழியும் உருளையும் இருக்கின்றன. இரண்டும் விக்டோரியா காலத்தவை. அவற்றைப் பற்றிச் சண்டை போட யாரும் இல்லை.

சனிக்கிழமை பிற்பகல் கூடத்தில் எண்பது நாற்காலி போட்டும் இடமில்லாமல் பின்னால் நின்றார்கள். ஸ்வெய்ன் நன்றாகவே பேசினார். மாடியிலிருந்து கொண்டுவந்த கூண்டைத் திறந்து காயை உள்ளங்கையில் தூக்கிக் காட்டினார். அதைத் தங்க முட்டைபோல் பிடித்திருந்ததைப் பார்க்க மியூரியலுக்குக் கை அரித்தது. கேள்வி நேரம் வந்தது. யாராவது பைன் காய்க்கும் பாப்பாண்டவருக்கும் உள்ள தொடர்பைக் கேட்டுவிடுவார்கள் என்று பயந்து முதலில் கையைத் தூக்கினாள்.

"அந்தக் காய் என்னோடது," என்றாள். "லைட்டுக்காரர் நாற்காலியில உக்காரப் போனாரு. உக்காரக் கூடாதுன்னு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். வேற ஒண்ணும் இல்லை."

கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. முன்வரிசையில் ஒரு பெண்மணி, "இவங்கதான் மாடியில கெடுக்கறவங்க," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஸ்வெய்ன் அன்பாகப் புன்னகைத்தார். "இந்த மாதிரி கதைகள் எப்பவும் வரும். எங்களுக்குப் பழக்கம்தான்."

மியூரியல் உட்காரவில்லை. பொய்யை எழுதி மாட்டினால் கும்பிடுகிறார்கள். உண்மையை எழுந்து நின்று சொன்னால் கதை என்கிறார்கள்.

அப்போது பின்னாலிருந்து கிளைவின் குரல் வந்தது. "திருப்பிப் பாருங்க டாக்டர்."

"என்ன?"

"காயைத் தலைகீழாத் திருப்புங்க. அடியில வெள்ளையா அவ பேரோட முதலெழுத்து இருக்கும். எல்லாத்துக்கும் போட்டு வெச்சிருக்கா. நான் திருடுவேன்னு."

ஸ்வெய்ன் திருப்பினார். பார்த்தார். எண்பது பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"சுவாரஸ்யம்தான்," என்றார் ஒருவழியாக. "ஆனா ஒரு சின்னத்துக்கு, வெச்சவங்க நோக்கம் அவ்வளவு முக்கியமில்லை."

"நோக்கம் இருந்துச்சு," என்றாள் மியூரியல். "அந்த ஆள் உக்காரக் கூடாது. நாற்காலி காலியா இருந்ததாலதான் காய் வெச்சேன். கூட இருந்த மரியாவைத் தூக்காம இருந்திருந்தா அது காலியா இருந்திருக்காது. ராவெல்லாம் விழிச்சு, வாந்திக் கிண்ணம் பிடிச்சவ அவ. அவளை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு காயை வெச்சா, ஊரே காயைப் பார்த்து அழுவுது."

உட்கார்ந்துவிட்டாள். யாரோ கை தட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

தேநீர் மேசையருகே கிளைவ் பிஸ்கெட்டோடு வந்து நின்றார்.

"எப்ப தெரிஞ்சது உனக்கு?" என்றாள்.

"காய் வந்த அந்த ஞாயித்துக்கிழமையே. உன் காயை எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருஷமாத் திருடறேன்."

"அப்புறம் ஏன் வாயை மூடிக்கிட்டிருந்த?"

"நீயே சொல்லிடுவேன்னு நினைச்சேன். ரொம்ப நாள் எடுத்துக்கிட்ட."

டாம்சின் கோபமே இல்லை என்று மூன்று முறை சொன்னாள். கோபம் இருந்தால்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட தாளை நினைவுபடுத்தினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து மியூரியலுக்குச் சலவை அறை, கிளைவுக்குப் படுக்கையறை என்றாயிற்று. மியூரியல் வாதாடவில்லை. தப்பு செய்தவள் அவள்தான். கூண்டு பழைய இடத்துக்கே திரும்பியது. அட்டையை மட்டும் மாற்றினாள் டாம்சின்: 'சர்ச்சைக்குரிய பைன் காய்.' கடையில் ரிப்பன் கட்டிய காய்கள் முன்னைவிட வேகமாகப் போயின.

செவ்வாய்க்கிழமை காலை மியூரியல் ஒரு குடும்பத்துக்குத் துணி பிழியும் உருளையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். சலவை அறைக்குப் பக்கத்தில் வேலைக்காரர்களுக்கான ஒடுங்கிய படிக்கட்டு நேரே படுக்கையறைக்கு ஏறுகிறது. அதன் வழியாகக் கிளைவின் வகுப்பறைக் குரல் இறங்கி வந்தது.

"...தாள்ல என்ன போட்டிருந்தாலும் சரி, அரசன் வரலைங்க. வந்தது மரியான்னு ஒரு தோழி. டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி, குதிரையில..."

மியூரியல் உருளையின் கைப்பிடியைக் குழந்தைகளின் தகப்பனிடம் கொடுத்தாள். "கொஞ்சம் பிடிங்க. விரலை உள்ளே விட்டுடாதீங்க." படிக்கட்டின் அடியில் போய் நின்றாள்.

"ஜனவரி ஒண்ணு, கிளைவ்."



"ஜனவரி ஒண்ணு," என்றார் கிளைவ், வந்திருந்தவர்களிடம்.

மியூரியல் திரும்பி வந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.